தடித்த சுவர் அழுத்தக்கலனில் துளை: தகைவுச் செறிவைக் கணக்கிட்டு அடக்கும் முழு வழிகாட்டி

உள் விட்டம் 50 மி.மீ., வெளி விட்டம் 100 மி.மீ. கொண்ட எஃகு உருளை ஒன்று. எஃகின் ஈல்டு வலிமை, அதாவது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை), 900 மெகாபாஸ்கல். துளையே இல்லாவிட்டால் இந்த உருளையின் உட்சுவர் சுமார் 337 மெகாபாஸ்கல் அழுத்தத்தில்தான் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். சுவரில் 4 மி.மீ. துளை ஒன்றைக் குடைந்ததும் அந்த எல்லை 135 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடுகிறது. எடையில் சில கிராம்தான் குறைந்தது, அந்த எல்லையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அழுத்தமானி பொருத்தவும், திரவத்தை ஏற்றி இறக்கவும், வெப்பநிலை அளக்கவும் துளைகள் வேண்டியிருக்கின்றன. துளையின் விளிம்பில் எவ்வளவு தகைவு எழும், அதை எப்படிக் கணக்கிடுவது, எப்படிக் குறைப்பது, பட்டறையில் எங்கே கோட்டை விடுகிறோம் என்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம். கணக்குகள் முழுவதற்கும் மேலே சொன்ன உருளையையே எடுத்துக்கொள்வோம். வேலை அழுத்தம் 100 மெகாபாஸ்கல். வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்தால் வரும் விகிதத்தை 'வி' என்றும் அழுத்தத்தை 'அ' என்றும் குறிப்போம். இங்கே வி = 2, அ = 100.

படி 1: துளை சுவரில்தான் வேண்டுமா?

கணக்கில் இறங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி இது. பல வேளைகளில் அதே இணைப்பை முனை மூடியின் வழியாகக் கொண்டுபோக முடியும். சுவரைச் சுற்றுத் திசையில் இழுக்கும் பெரிய வளையத் தகைவு மூடியில் கிடையாது. மூடி பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், உருளையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுவரில்தான் வைத்தாக வேண்டும் என்றால், மூடியின் மரை முடியும் இடம், உள் விட்டம் மாறும் படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு சுவர்த் தடிமன் தள்ளி வையுங்கள். ஒரு தகைவுச் செறிவின் (தகைவு ஓரிடத்தில் குவிவதன்) மேல் இன்னொரு செறிவு ஏறினால் இரண்டின் காரணிகளும் கூட்டப்படுவதில்லை, ஏறத்தாழ ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன.

மெல்லிய சுவர்க் கலன்களில் துளையைச் சுற்றி வலுவூட்டும் தகடு பற்றவைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அந்தத் தகடு சுவரின் சராசரித் தகைவைத்தான் ஈடுசெய்யும். தடித்த சுவரில் ஆபத்து உட்புற விளிம்பில் இருக்கிறது, வெளியே ஒட்டும் தகடு அதைத் தொடவே செய்யாது. பற்றவைப்பின் வெப்பம் உயர்வலிமை எஃகைக் கெடுப்பது தனி இழப்பு.

படி 2: துளை இல்லாத உருளையின் தகைவுகள்

லாமே 19-ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாடுகளே இன்றும் அடிப்படை. இரு முனையும் மூடப்பட்டு, மூடியின் உந்துவிசையை உருளைச் சுவரே தாங்கும்போது உட்சுவரில்:

வளையத் தகைவு = அ × (வி² + 1) ÷ (வி² − 1) = 166.7 மெகாபாஸ்கல்
அச்சுத் தகைவு = அ ÷ (வி² − 1) = 33.3 மெகாபாஸ்கல்
ஆரத் தகைவு = −அ = −100 மெகாபாஸ்கல்

மூடியின் உந்துவிசையை யார் தாங்குகிறார்கள் என்பதை வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடிகளை வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும் யோக் சட்டம் தாங்கும் கலன்களில் அச்சுத் தகைவு சுழியம். அது நன்மை என்று தோன்றும். துளை விளிம்பைப் பொறுத்தவரை அது தீமை என்பதை அடுத்த படியில் காண்பீர்கள்.

படி 3: துளை விளிம்பின் உச்சத் தகைவு

தட்டையான தகட்டில் வட்டத் துளை இருந்தால், இழுக்கும் தகைவு விளிம்பில் மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இல் காட்டினார். குறுக்கே இன்னொரு இழுவை இருந்தால், அது அந்த உச்சத்திலிருந்து தன் ஒரு மடங்கைக் கழித்துவிடும். துளை உள் விட்டத்தைவிட மிகச் சிறியதாக, பத்தில் ஒரு பங்குக்குள், இருந்தால் உட்சுவரைத் தகடாகவே பாவிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் 4 ÷ 50 = 0.08, ஆகவே பொருந்தும்.

இங்கே பலர் விட்டுவிடும் ஓர் உறுப்பு உண்டு. கலனுக்குள் இருக்கும் அழுத்தம் துளைக்குள்ளும் இருக்கிறது. அது துளையின் சுவரைத் தள்ளி, விளிம்பில் இன்னும் ஓர் 'அ' அளவு இழுவையைக் கூட்டுகிறது. எனவே:

உச்சத் தகைவு = 3 × வளையத் தகைவு − அச்சுத் தகைவு + அ
= 500 − 33.3 + 100 = 566.7 மெகாபாஸ்கல்

துளையின் அழுத்தத்தை மறந்தால் 466.7 தான் வரும். சுமார் 18 சதவீதம் குறைவாகக் கணித்துவிடுவோம். களைப்பு ஆயுளில், அதாவது விரிசல் விழும்வரை கலன் தாங்கும் ஏற்றி இறக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையில், இது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல. யோக் சட்டமுள்ள கலனில் 33.3-ஐக் கழிக்க வழியில்லை, உச்சம் 600 ஆகிவிடும்.

உச்சம் விளிம்பு முழுவதும் பரவியிருப்பதில்லை. துளை மையத்திலிருந்து கலனின் அச்சுத் திசையில் பார்த்தால் விளிம்பில் எதிரெதிராக இரண்டு புள்ளிகள் இருக்கும், உச்சம் அங்கேதான். சுற்றுத் திசையிலுள்ள மற்ற இரு புள்ளிகளில் தகைவு வெறும் 33.3. விரிசல் எப்போதும் அந்த அச்சுத்திசைப் புள்ளிகளில் பிறந்து, கலனின் அச்சும் துளையின் அச்சும் சேர்ந்து அமைக்கும் தளத்தில் வளர்கிறது. சோதனையின்போது கண்ணை எங்கே வைக்கவேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

படி 4: எந்தக் காரணி? 3.4, 2.89, 2.5

இந்தத் துறையில் அதிகக் குழப்பம் விளைவது இந்த இடத்தில்தான். ஒரே கலன், ஒரே துளை, ஒரே அழுத்தம். ஆனாலும் ஒருவர் தகைவுச் செறிவுக் காரணி 3.4 என்பார், இன்னொருவர் 2.89 என்பார், மூன்றாமவர் 2.5 என்பார். மூவர் சொல்வதும் சரியே. வகுக்கும் எண்தான் வேறு.

வளையத் தகைவை வளையத் தகைவால் வகுத்தால் 566.7 ÷ 166.7 = 3.4. பொதுவாக எழுதினால் (4வி² + 1) ÷ (வி² + 1). இது சுவரின் தடிமனோடு மாறும்: வி 1.5 என்றால் 3.08, வி 3 என்றால் 3.7, எல்லையில் 4.

டிரெஸ்கா அளவில், அதாவது மிகப் பெரிய தகைவுக்கும் மிகச் சிறிய தகைவுக்கும் உள்ள வேறுபாட்டில் பார்த்தால் கதை வேறு. துளை விளிம்பில் அது 566.7 + 100 = 666.7. துளையற்ற உட்சுவரில் 166.7 + 100 = 266.7. விகிதம் 2.5. வி எதுவானாலும் இது 2.5 தான். காரணம் அழகானது: எல்லாத் தகைவுகளோடும் 'அ'-வைக் கூட்டிப் பாருங்கள். துளையின் அழுத்தம் மறைந்துவிடும், வளையத் தகைவு 266.7, அச்சுத் தகைவு 133.3 ஆகும். சரியாக இரண்டுக்கு ஒன்று. மெல்லிய சுவர்க் கலனிலும் இதே விகிதம்தான். ஆக, தடித்த உருளையின் துளை என்பது மெல்லிய உருளையின் துளை மேல் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் அழுத்தத்தைப் போர்த்தியது மட்டுமே. அந்தப் போர்வை ஈல்டைப் பாதிப்பதில்லை.

மூன்று தகைவுகளையும் ஒரே எண்ணாகச் சேர்த்து ஈல்டைக் கணிக்கும் வான் மிசஸ் அளவில் விளிம்பில் அதே 666.7 வருகிறது, ஏனெனில் அங்கே மற்ற இரு தகைவுகளும் −100 என்று சமமாக இருக்கின்றன. ஆனால் துளையற்ற உட்சுவரில் வான் மிசஸ் 230.9 தான். விகிதம் 2.89. கலனைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள் தரும் வான் மிசஸ் எண்ணை எடுத்து 2.5-உடன் ஒப்பிட்டு, 'மாடலில் ஏதோ தவறு' என்று நாள்கணக்கில் தேடுவது இதனால்தான். அறிக்கையில் காரணியை எழுதும்போது எதை எதால் வகுத்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் '3.4' என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

படி 5: தாங்கும் எல்லைகளை நிறுவுதல்

விளிம்பின் டிரெஸ்கா அளவு = 5 × அ × வி² ÷ (வி² − 1). இது ஈல்டு வலிமையைத் தொடும் அழுத்தம்தான் விளிம்பின் முதல் ஈல்டு. 900 மெகாபாஸ்கல் எஃகுக்கு வி 1.5 என்றால் 100, வி 2 என்றால் 135, வி 3 என்றால் 160 மெகாபாஸ்கல். சுவரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் ஈல்டு வலிமையின் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 180-ஐத் தாண்டாது. விளிம்பைக் காப்பாற்றச் சுவரைத் தடிப்பாக்குவது பணத்தையும் எஃகையும் வீணாக்கும் வேலை.

முதல் ஈல்டு வந்ததும் கலன் வெடித்துவிடாது. விளிம்பில் கடுகளவு பகுதி நெகிழ்ந்து, அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள எஃகு அதை நெருக்கிப் பிடிக்கும். அடுத்த சுற்றிலிருந்து அது மீள்தன்மையோடே இயங்கும். மீள்தன்மைக் கணக்கில் வரும் தகைவு வீச்சு ஈல்டு வலிமையின் இரு மடங்குக்குள் இருக்கும்வரை, நம் கலனில் 270 மெகாபாஸ்கல் வரை, இது செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு முன்னும் பின்னும் நெகிழும், சில சுற்றுகளிலேயே விரிசல் விழலாம். சுவர் முழுவதும் நெகிழ்ந்து குலையும் அழுத்தம் ஈல்டு வலிமையை வி-யின் இயல் மடக்கையால் பெருக்கினால் வரும் 624 மெகாபாஸ்கல். சிறு துளை அந்த எண்ணை அதிகம் மாற்றுவதில்லை.

ஆகவே துளை பறிப்பது வெடிக்கும் எல்லையை அல்ல, ஆயுளை. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் 0 முதல் 667 வரை வீச்சைத் தருகிறது. ஃபட்டீக் எனப்படும் களைப்புக் கணக்கை இந்த எண்ணை வைத்தே செய்யவேண்டும், சுவரின் 267-ஐ வைத்து அல்ல. 10,000 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 69 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட கலன்களுக்காகவே வகுக்கப்பட்ட ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, களைப்பையும் விரிசல் வளர்ச்சியையும் மையத்தில் வைப்பது இதனால்தான்.

படி 6: வடிவம், திசை, இடைவெளி

துளையைச் சிறிதாக்கினால் தகைவு குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சிறு துளைகளில் உச்சத் தகைவு விட்டத்தைப் பொறுத்ததே அல்ல. 4 மி.மீ.-ஐ 1 மி.மீ. ஆக்கினாலும் அதே 566.7 தான். கூடவே 25 மி.மீ. ஆழத்துக்கு 1 மி.மீ. துளையைச் சுத்தமாகக் குடைவது கடினம், உட்பரப்பு மோசமாகும்.

வடிவம் மாறினால் பலன் உண்டு. நீள்வட்டத் துளையின் நீண்ட அச்சைக் கலனின் சுற்றுத் திசையில் வைத்து, நீளத்தை அகலத்தின் இரு மடங்காக்கினால் டிரெஸ்கா காரணி 2.5-லிருந்து 1.5-க்கு இறங்கும். அதே நீள்வட்டத்தைக் கலனின் அச்சோடு நீட்டி வைத்தால் 4.5 ஆகிவிடும். வரைபடத்தில் திசையை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். 90 பாகை திருப்பிக் குடைந்த கலன் குப்பைக்குத்தான் போகும்.

சாய்ந்த துளைக்கும் இதே தர்க்கம். கலனின் அச்சுப் பக்கமாக 45 பாகை சாய்த்துக் குடைந்தால், உட்சுவரை அது வெட்டும் வடிவம் அச்சோடு நீண்ட நீள்வட்டம். தகட்டுக் கணக்கிலேயே காரணி சுமார் 3.3. ஒரு பக்க விளிம்பு கூர்கோணமாவதால் உண்மையில் அதற்கும் மேல். குழாய் வசதிக்காகச் சாய்க்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள்.

பல துளைகள் வேண்டுமென்றால், கலனின் அச்சோடு ஒரே வரிசையில் நெருக்கி வைப்பதுதான் மிக மோசம். உச்சப் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். மையத்துக்கு மையம் நான்கு விட்டம், நம் துளைக்கு 16 மி.மீ., விட்டால் ஒன்று மற்றதன் மேல் ஏற்றும் கூடுதல் சுமை 2 சதவீதம் அளவில் அடங்கிவிடும்.

விளிம்பை உருட்டுவது அவசியம், ஆனால் கணக்கில் பெரிய தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள். 0.3 முதல் 0.5 மி.மீ. ஆர உருட்டலின் உண்மையான பயன் பிசிறையும் கருவி பட்ட காயத்தையும் அகற்றுவது. நேராகச் சரித்து வெட்டும் சாம்ஃபர் வேண்டாம். ஒரு கூர்விளிம்பை எடுத்து அதற்குப் பதில் இரண்டை உண்டாக்கும்.

படி 7: ஃபைனைட் எலிமெண்ட் மாடல்

ஒற்றைத் துளைக்குச் சமச்சீர் பார்த்துக் கால் மாடல் போதும்; எதிரெதிரே இரு துளை என்றால் எட்டில் ஒன்று. உட்சுவர், துளைச் சுவர் இரண்டிலும் அழுத்தம் கொடுங்கள். வெட்டிய முனையில் 33.3 மெகாபாஸ்கல் இழுவையைக் கொடுக்க மறக்காதீர்கள். துளையிலிருந்து முனைவரை மாடலின் நீளம் சுவர்த் தடிமனின் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும்.

மெஷ், அதாவது கலனைப் பிரிக்கும் துண்டுகளின் (எலிமெண்ட்களின்) வலை, எவ்வளவு நுண்ணியதாக வேண்டும் என்பதைத் தகைவு இறங்கும் வேகமே சொல்கிறது. டிரெஸ்கா காரணி விளிம்பில் 2.5. விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளினால் 1.48. 2 மி.மீ.-இல் 1.23. 4 மி.மீ.-இல் 1.09. 1 மி.மீ. எலிமெண்ட் வைத்தால் உச்சத்தைப் பார்க்கவே முடியாது. இருபடி எலிமெண்ட்களை எடுத்து, விளிம்பில் துளை ஆரத்தின் பத்தில் ஒன்று, அதாவது 0.2 மி.மீ. அளவில் தொடங்குங்கள். பிறகு 0.1 ஆக்கிப் பாருங்கள். உச்சம் 2 சதவீதத்துக்குள் மாறினால் நிறுத்தலாம்.

மூன்று சோதனைகளைத் தாண்டாத முடிவை நம்பவேண்டாம். துளைக்கு வெகுதூரத்தில் 166.7, 33.3, −100 வருகிறதா? உச்சம் அச்சுத்திசைப் புள்ளியில் இருக்கிறதா? அதன் அளவு 567-க்கு 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா? 467-ஐ ஒட்டி வந்தால் துளைச் சுவரில் அழுத்தம் விட்டுப்போயிருக்கிறது. 600-ஐ ஒட்டி வந்து, தொலைவில் அச்சுத் தகைவும் 33.3 இல்லையென்றால், முனை இழுவை விட்டுப்போயிருக்கிறது.

படி 8: பட்டறையில்

கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் துளையின் உட்பரப்பில் உள்ள ஒரு கீறல் அதைப் பொய்யாக்கிவிடும். எந்தக் கீறல் கெட்டது என்று தெரிந்திருக்கவேண்டும். விளிம்பில் இழுவை துளையைச் சுற்றிய திசையில் ஓடுகிறது. எனவே துளையைச் சுற்றி ஓடும் வரிகள், துரப்பணமும், துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரும் இயல்பாக விடுபவை, இழுவைக்கு இணையானவை, பெரிய கேடில்லை. துளையின் நீளவாக்கில் ஓடும் கீறல் இழுவைக்குச் செங்குத்து, விரிசலின் விதை அதுவே. சுழற்சியை நிறுத்திவிட்டு ரீமரை வெளியே இழுத்தால் சரியாக அந்தக் கீறல்தான் விழும். சுழன்றுகொண்டே வெளியே வரட்டும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்:

1. உட்சுவரின் இறுதி ஹோனிங்குக்கு (கல்லால் தேய்த்துச் சீராக்கலுக்கு) விட்டத்தில் 0.1 முதல் 0.2 மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்துங்கள்.
2. துளை வெளிவரும் இடத்தில் உட்சுவரோடு இறுக்கமாகப் பொருந்தும் மென் எஃகுத் தண்டை உள்ளே செருகுங்கள். துரப்பணம் சுவரைக் கடந்து தண்டுக்குள் நுழையும், பிசிறும் கிழிசலும் வெகுவாகக் குறையும்.
3. 3.8 மி.மீ. துரப்பணத்தை அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலை அகற்றியபடி குடையுங்கள். பிறகு 4 மி.மீ. ரீமர்.
4. தண்டை எடுத்துவிட்டு உட்சுவரை ஹோனிங் செய்து முடியுங்கள்.
5. கடைசியாக விளிம்பை உருட்டி மெருகேற்றுங்கள். ஹோனிங்குக்கு முன்னே உருட்டினால் கல் அதைத் தின்று மறுபடியும் கூராக்கிவிடும்.

மின்பொறி முறையில், அதாவது இ.டி.எம்.-இல் குடைந்தால், உருகி உறைந்த வெள்ளைப் படலம் ஒன்று பரப்பில் தங்கும். நுண்விரிசலும் இழுவைத் தகைவும் அதற்குள்ளேயே இருக்கும். நீள்வட்டத் துளைகளுக்கு இந்த முறை தேவைப்படலாம். அப்போது பக்கத்துக்குக் குறைந்தது 0.05 மி.மீ. தேய்த்து எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் வடிவத்தால் பெற்ற லாபம் முழுவதும் பரப்பால் போய்விடும்.

படி 9: ஆட்டோஃப்ரெட்டேஜ்

வேலை அழுத்தத்துக்கு மிக மேலே ஒருமுறை ஏற்றி இறக்கி, விளிம்பில் நிரந்தர நெருக்கத்தை விதைப்பதே இம்முறை. துளையும் விளிம்பும் முடிந்த பிறகு செய்யுங்கள். பிறகு அந்தப் பரப்பைச் செதுக்கினால் மிக மதிப்புள்ள படலமே போய்விடும். பற்றவைப்போ கடும் சூடேற்றமோ அதன்பின் கூடாது.

நம் கலனில் 270 மெகாபாஸ்கல் வரை ஏற்றி இறக்கினால், இலட்சிய எஃகில் விளிம்பின் டிரெஸ்கா அளவு −900-இல் வந்து நிற்கும். பிறகு 100 மெகாபாஸ்கல் வேலை அழுத்தத்தில் −900 + 667 = −233. விளிம்பு நெருக்கத்திலேயே இருக்கிறது. உண்மையான எஃகில் பௌஷிங்கர் விளைவு உண்டு: ஒருபக்கம் நெகிழ்ந்த எஃகு மறுபக்கம் முன்கூட்டியே நெகிழும். ஆகவே −900 முழுதாகக் கிடைக்காது. எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த எஃகின் ஏற்றி இறக்கும் சோதனை வரைபடத்திலிருந்து எடுக்கவேண்டும். 400 மெகாபாஸ்கலுக்கு ஏற்றினால் துளையற்ற இடத்திலும் சுவர் சுமார் 2.5 மி.மீ. ஆழம் நெகிழும். விளிம்பில் நெருக்கத்தின் அளவு அதிகரிக்காது, ஆனால் நெருக்கம் ஆழமாகப் பரவும். வளரத் தொடங்கிய விரிசலை நிறுத்துவது அந்த ஆழம்தான்.

ஆட்டோஃப்ரெட்டேஜ் வீச்சைக் குறைப்பதில்லை. 667 என்பது 667 ஆகவே இருக்கும், சராசரி மட்டும் கீழே இறங்குகிறது. களைப்புக் கணக்கில் வீச்சைக் குறைத்துப் போடுவது தவறு.

படி 10: சோதித்தல்

திரிபுமானியை உட்புற விளிம்பில் ஒட்ட முடிந்தாலும், 1 மி.மீ. நீளக் கம்பி வலை 2.5-க்கும் 1.48-க்கும் இடைப்பட்ட சராசரியைத்தான் காட்டும். வெளிச்சுவரில் அளந்து மாடலைச் சரிபார்ப்பதற்கு அது நல்ல கருவி, உச்சத்தை நேரடியாக அளக்க அல்ல.

விரிசலைத் தேட ஒளிரும் ஊடுருவு சாயம், மின்காந்தத் தூண்டலால் விரிசலைக் காணும் சுழலும் எட்டி மின்னோட்ட முனை, துளைக்குள் பார்க்க உதவும் போரஸ்கோப் மூன்றும் வேண்டும். அச்சுத்திசையிலுள்ள இரு புள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். சாயச் சோதனையை ஆட்டோஃப்ரெட்டேஜுக்கு முன்பே ஒருமுறை கட்டாயம் செய்துவிடுங்கள். அதற்குப் பின் எஞ்சும் நெருக்கம் விரிசலின் வாயை இறுக மூடிவிடும், சாயம் உள்ளே போகாது, பரப்பு குறையற்றதுபோல் தெரியும். பயன்பாட்டுக் காலச் சோதனைகளில் எட்டி மின்னோட்ட முனையையே முதன்மையாகக் கொள்ளுங்கள். முதல் நாள் எடுத்த பதிவை அதே முனை, அதே அமைப்புகளோடு கோப்பில் வைத்திருந்தால்தான் பின்னாளில் வரும் சிறு மாற்றத்தை அடையாளம் காண முடியும்.